இடப்பக்க வரிசை

"ஐயா, திருடனைப் பிடிச்சாச்சு!"

வார்டைப் பார்த்துக்கொள்ளும் இராஜம்மா, ஒரு கொட்டாங்கச்சியை டாக்டர் அருமைநாயகத்தின் மேசைமேல் டக்கென்று வைத்தாள். அதில் செக்கச்செவேல் என்று கொஞ்சம் செம்பனை எண்ணெய்.

"யாரு?"

"நம்ம ஜலீல் பாய்தான். ஊத்தினா, 'கஞ்சியோட குடிச்சுக்கிறேன்'னு வாங்கி வச்சுக்கிறாரு. பாதி கட்டிலுக்கு அடியில போயிடுது. பாசார் சந்தையில இதுக்கு என்ன விலைன்னு பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுல ஜவுளி வித்தவருக்குத் தெரியாதா?"

டாக்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கிள்ளானில் இருந்த அந்தக் காசநோய் வார்டில், யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த பிறகு கஞ்சியும் மரவள்ளிக் கிழங்கும்தான் வைத்தியம். நோயாளிகள் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனார்கள். பந்திங் பக்கத்துத் தோட்டத்திலோ செம்பனை எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. லோரிகளுக்கு எரிபொருளாக ஊற்றப் போவதாக ஜப்பானிய அதிகாரி சொன்னான். டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு பரிசோதனைக்கு மட்டும் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார்.

வலப்பக்க வரிசைக்குத் தினமும் ஒரு கரண்டி எண்ணெய். இடப்பக்க வரிசைக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து எடை பார்க்க வேண்டும். எண்ணெய் குடித்தவர்கள் தேறி, குடிக்காதவர்கள் தேறாமல் இருந்தால், வார்டு முழுவதற்கும் எண்ணெய் கிடைக்கும். இல்லாவிட்டால் அத்தனையும் லோரிக்கு.

"இன்னைக்குத்தானே எடை? முதல்ல அதை முடிப்போம். அப்புறம் இருக்கு அவருக்கு" என்று எழுந்தார் டாக்டர்.

வலப்பக்கம் எல்லாருக்கும் எடை ஏறியிருந்தது. டாக்டரின் முகம் மலர்ந்தது.

இடப்பக்கமும் ஏறியிருந்தது. ஏறக்குறைய அதே அளவு.

கடைசி ஆளுக்கு வருமுன்னே டாக்டர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் குடிக்காதவனும் தேறியிருக்கிறான் என்றால் எண்ணெய் எதற்கு? அதிகாரி வாய்விட்டுச் சிரிப்பானே!

ஆத்திரமெல்லாம் ஜலீல் பக்கம் திரும்பியது.

"பாய், உங்களுக்கே நல்லா இருக்கா? இத்தனை பேர் உயிரை வச்சா வியாபாரம் பண்றீங்க?"

ஜலீல் இருமி முடிக்கும்வரை காத்திருந்து, "விக்கலைங்க ஐயா" என்றார்.

"பின்னே?"

எதிர்க் கட்டிலில் இருந்த ரயில்வேக் கூலி அய்யாவுதான் வாயைத் திறந்தான்.

"எனக்குத்தாங்க ஐயா குடுத்தாரு. எச்சில் படுறதுக்கு முந்தியே பாதியைத் தனியா எடுத்து வச்சுடுவாரு. இராஜம்மாக்கா சாப்பிடப் போனதும் கொண்டாந்து தருவாரு."

"எதுக்க ஒரு மனுசன் பார்த்துக்கிட்டே இருக்காரு, எனக்கு எப்படிங்க ஐயா உள்ள இறங்கும்?" என்றார் ஜலீல். "பார்க்க வச்சுத் தின்னா வயித்தை வலிக்கும்னு எங்கம்மா சொல்லும்."

"கொஞ்ச நாள் பொறுத்திருந்தா எல்லாருக்கும் முழுசாக் கிடைச்சிருக்குமே பாய்!"

"அதுவரைக்கும் அய்யாவு இருப்பாருன்னு உங்களால சொல்ல முடியுமாங்க ஐயா?"

டாக்டர் வலப்பக்க வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த மாதிரி வேற யாரெல்லாம் குடுத்தீங்க?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வலப்பக்க வரிசை முழுவதும் கை தூக்கியது.

டாக்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரே பந்தியில் உட்கார வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் இலை போட்டது யார்? அவர்தானே! அப்புறம் நோயாளிகளைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் இந்தக் கதையெல்லாம் அதிகாரியிடம் எடுபடாது. எண்ணெயே காணாதவன் ஒருவனாவது தேறாமல் இருந்தால்தான் நம்புவான்.

சட்டென்று அவருக்கு இடப்பக்க மூலைக் கட்டில் கன்னையாவின் நினைவு வந்தது. இன்னும் எடை பார்க்காத ஆள் அவன் ஒருவன்தான். அவனுடைய எதிர்க் கட்டில்காரர் முதல் வாரமே இறந்துவிட்டார். கட்டில் இன்னும் காலி. ஆக, அவனுக்கு எண்ணெய் கொடுக்க ஆளே இல்லை!

கடவுளே, இவன் தேறியிருக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட கையோடு, ஒரு டாக்டர் வேண்டுகிற வேண்டுதலா இது என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு பேர் தாங்கினால்தான் நிற்பவன் கன்னையா. இன்று தானே நடந்து வந்து எடை மெஷினில் ஏறினான்.

மற்றவர்களைவிட அவனுக்கு இரண்டு மடங்கு ஏறியிருந்தது.

"உனக்கு யாருப்பா எண்ணெய் குடுத்தது?"

கன்னையாவின் பார்வை இராஜம்மா பக்கம் போனது. "இராஜம்மா, என்னன்னு விசாரி" என்று திரும்பினார் டாக்டர். திருடனைப் பிடித்துக் கொடுத்த இராஜம்மா, முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"செத்தவரு பங்கைத் திருப்பிப் பீப்பாயில ஊத்தச் சொன்னீங்க... அந்தப் பையன் முகத்தைப் பார்த்தா மனசு கேக்கலைங்க ஐயா. நான்தான் தினமும் குடுத்தேன்."

"பாதிதானே குடுத்தே?"

"பாதி பண்ண எதுக்க ஆள் ஏதுங்க ஐயா? முழுக் கரண்டியும் அவனுக்குத்தான்."

டாக்டர் துள்ளி எழுந்தார். பாதிக் கரண்டி குடித்தவர்களுக்கு ஒரு மடங்கு. முழுக் கரண்டி குடித்தவனுக்கு இரண்டு மடங்கு! இதற்குமேல் அதிகாரி என்ன சாட்சி கேட்பான்?

மறுவாரமே பீப்பாய்கள் வந்து இறங்கின. அந்த வார்டில் நடந்த ஒரே திருட்டுதான் அத்தனை பேருக்கும் எண்ணெய் வாங்கிக் கொடுத்தது.