அனானியின் திட்டு

பாராட்டையெல்லாம் இயந்திரங்களே எழுத ஆரம்பித்த பிறகு, தேடுபொறி திட்டுகளை மட்டும்தான் நம்பியது. மனிதர் திட்டிய வலைப்பூவே முதல் பக்கத்தில் வரும். பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில் முதலை டிக்கெட் எடுத்த கதையெல்லாம் எழுதிய ஆவுடையப்பனின் வலைப்பூ இருபது வருடம் அங்கேதான் இருந்தது. எல்லாம் பெயர் சொல்லாத ஓர் அனானியின் புண்ணியம். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அதே பின்னூட்டம்: "ஓய், புளுகினது போதும். சோறு ஆறுது, போய்த் தின்னும்." இவரும் சளைக்காமல் பதிலுக்குத் திட்டுவார்.

மனைவி கோமதி இறந்த மாதத்தோடு அனானியும் நின்றுபோனான். ஓர் இரங்கல்கூட எழுதவில்லையே என்று இவருக்குக் கோபம். வலைப்பூ நானூறாம் பக்கத்துக்குச் சரிந்தது. ஐநூறைத் தாண்டினால் அழித்துவிடுவார்கள். தேடுபொறியின் தரவரிசை அலுவலகத்துக்கு ஓடினார்.

"அந்தப் பயலைக் கண்டுபிடிச்சுக் குடும்மா. கால்ல விழுந்தாவது திட்டச் சொல்லுதேன்."

அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, அத்தனையும் உங்க வீட்டு அடுக்களையிலேருந்துல்லா வந்திருக்கு."

வீட்டுக்கு வந்த ஆவுடையப்பன், அனானியின் கடைசிப் பின்னூட்டத்துக்குக் கீழே எழுதினார்: "இன்னிக்குச் சோறு நான்தான் வடிச்சேன், கோமு. குழைஞ்சுபோச்சு. வந்து திட்டு."