கம்பெனிச் சட்டை

உதறப் போனவளின் கையைப் பிடித்தார்.

"உதறாத."

மகள் திரும்பிப் பார்த்தாள். கையில் கம்பெனிச் சட்டை. மடிப்புகளில் கறுப்பு.

"வெறும் கரிதானுங்ப்பா."

கரி அவருக்குத் தெரியும். கையில் ஒட்டும், தேய்த்தால் போகும். இது வெயிலில் மிதந்தது.

கோகிலவாணிக்குப் பதவி உயர்வாம். இத்தனை நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மீட்டர் பார்த்தவள். இன்றுதான் முதல் தடவையாக உலையைத் திறந்து உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்தாள். மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள்.

வாசலில் நின்றபடியே எல்லாம் சொல்லிவிட்டாள். உலைக்குள் இரும்புப் பொடி. அதன் மேல் சூடாக வாயுவை விட்டால் கரி முளைக்கிறது. மயிர் மாதிரி. ஒவ்வொரு மயிரும் ஒரு குழாய். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் இந்தக் கறுப்பு.

"இரும்பவிடக் கெட்டிங்ப்பா. வளச்சா ஒடையாது. துருப்பிடிக்காது. மக்கவே மக்காது."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இதே பேச்சுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக் கம்பெனியில் சேர்ந்த அன்று மேஸ்திரி சொன்னது. கல்லில் எடுத்த பஞ்சு என்று கையில் கொடுத்தான். எரியாது, மக்காது என்றான். அவரும் இப்படித்தான் வீட்டுக்கு வந்து பெருமையடித்தார்.

மனைவி பாவாத்தாள் கேட்டுக்கொண்டே அவர் சட்டையை உதறினாள்.

தினமும் உதறினாள். உதறிவிட்டுத்தான் நனைப்பாள்.

கம்பெனிக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவள். அந்தத் தூசி அவரை மூச்சுத்திணறலோடு விட்டது. அவளைக் கொண்டுபோய்விட்டது.

நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், அவளும் அங்கே வேலை பார்த்தாளா என்று கேட்டார்.

"துணி தொவச்சா" என்றார் இவர்.

"அந்தப் பஞ்சு வேற, இது வேறங்ப்பா. மாஸ்க் குடுக்கறாங்க. ரிப்போர்ட்டெல்லாம் இருக்குது."

"இருக்கும்."

எங்களுக்கும் இருந்தது என்று சொல்ல மூச்சு வரவில்லை. சொல்லியும் என்ன. கம்பெனிக்காரன் பேச்சை அவர் நம்புவதில்லை. அவள் நம்புகிறாள். அவ்வளவுதான்.

சட்டையை வாங்கிக்கொண்டார். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, அசங்காமல் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

கறுப்பு மெல்ல மேலே வந்தது.

பிழிந்து கொடியில் போட்டார். வாளி மிச்சம் இருந்தது.

முருங்கை மரத்தடியில் கொட்டலாம். அந்தக் கீரையைத்தான் சாப்பிடுகிறார்கள்.

சாக்கடையில் கொட்டலாம். அது குளத்துக்குப் போகிறது.

மண்ணில் ஊற்றினால் காயும். காய்ந்தால் காற்று.

மக்காது என்று வேறு சொல்லிவிட்டாள்.

வாளிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கொட்டிட்டு வாங்கப்பா. சோறு ஆறுது."

அவர் எழவில்லை. அவளே வெளியே வந்தாள்.

"எங்க கொட்டறது?"

வம்புக்குக் கேட்கவில்லை. படித்தவள், தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டார்.

அவள் மரத்தைப் பார்த்தாள். சாக்கடையைப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போனாள். ஒரு தட்டைக் கொண்டுவந்து வாளியை மூடினாள்.

காற்றுக்கு நகராமலிருக்க, மேலே ஒரு கல்லை வைத்தாள்.