கோடு தாண்டியவள்

“இது பத்தொன்பதாவது,” என்று சொல்லி மேலாளர் அடுத்த படத்தை ஓடவிட்டார்.

சுவரில் இருந்த பெரிய திரையில் அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். நான்கு அடி நடந்தாள். நின்றாள். திரும்பிக் கேமராவைப் பார்த்தாள்.

படத்தின் ஓரத்தில் தேதி. மதியம் ஒன்று பத்து.

திரைக்கு எதிரே, நாற்காலி போடாமல், அவளை நிற்க வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறவள். எல்லோருக்கும் காலர் அக்கா. பெயரில்தான் காலர், ஒரு நாளாவது அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்திருப்பாளா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேலாளர், காவல் பொறுப்பாளர், தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலை வந்து இறங்கிய அதிகாரி அம்மாள்.

புதுக் கேமராக்கள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பழையவை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவை. இவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியும். தயாரான சட்டைப் பெட்டிகளை அடுக்கும் பின்பக்க நடையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். தைக்கிறவர்கள் யாராவது அதைத் தாண்டினால் முகமும் நேரமும் உடனே மேலாளரின் கைபேசிக்குப் போகும். அதே நொடியில் தலைமை அலுவலகத்துக்கும் போகும்.

பொருத்த வந்த ஆள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து விளக்கினான். இங்கே இருக்கிற யாராலும் ஒரு நொடிப் படத்தைக்கூட அழிக்க முடியாது என்றான். ஒரே ஆள் முப்பது தடவை தாண்டினால் தலைமை அலுவலகமே விசாரிக்க வந்துவிடும் என்று மிரட்டியும் வைத்தான்.

மேலாளருக்கு அன்று வாயெல்லாம் பல்.

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

எல்லாவற்றிலும் அதே சாப்பாட்டு நேரம், அதே இரண்டு நிமிடம். ஒன்றில்கூட அவள் பெட்டியைத் தொடவில்லை.

“இப்போதைக்குத் தொடல. நோட்டம் பாக்கறா,” என்றார் காவல் பொறுப்பாளர்.

மேசைமேல் தட்டச்சு செய்த தாள் ஒன்று தயாராக இருந்தது. திருடும் எண்ணத்தோடுதான் போனேன் என்று அவள் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகாமல், வேலையை விட்டு அனுப்புவதோடு முடித்துக்கொள்வார்களாம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். மேலாளருக்கு அது நன்றாகவே தெரியும்.

தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அவற்றை அப்படியே திருப்பித் தள்ளினாள். “முப்பதும் ஓடட்டும் சார். அப்புறம் பேசிக்கலாம்.”

மேலாளருக்குச் சுருக்கென்றது. ஓடவிட்டார்.

இருபத்தெட்டாவதில் அதிகாரி அம்மாள் முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

திருட வந்தவள் எதற்குக் கேமராவுக்கு முகம் காட்டி நிற்கிறாள்? எதற்கு ஒவ்வொரு தடவையும் ஓர் அடி இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்கிறாள், எதையும் மறைத்துவிடக் கூடாது என்பதுபோல?

“நிறுத்துங்க. அவங்கள விடுங்க. பின்னாடி இருக்கறத பெருசாக்குங்க.”

மேலாளரின் விரல் அசையவில்லை. அதிகாரி அம்மாளே எழுந்து போய்ப் படத்தைப் பெரிதாக்கினார்.

இரும்புக் கதவு. அதன்மேல் சிவப்பு எழுத்தில் ‘அவசர வழி’. கதவுக்குக் குறுக்கே சங்கிலி. சங்கிலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

முந்தைய படங்களுக்குப் போனார். மீதி இரண்டையும் பார்த்தார். முப்பதிலும் பூட்டு.

பெட்டிகள் திருட்டுப் போகக் கூடாதே என்றுதான், என மேலாளர் முனகினார். அதிகாரி அம்மாள் காலர் அக்கா பக்கம் திரும்பினார்.

“இத முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாமேம்மா?”

“மூணு தடவ குடுத்தேன் மேடம். நான் எழுதிக் குடுத்தா காகிதம் காணாமப் போயிடுது.”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் இஸ்திரிப் பகுதியில் ஒயர் கருகிப் புகை கிளம்பியதைச் சொன்னாள். அறுபது பெண்கள் அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். புகை என்னவோ ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது. எல்லோரும் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள், அவளுடைய பக்கத்து மெஷின்காரியைத் தவிர. கதவோடு கதவாக நசுங்கி அவளுக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று பதிவேட்டில் எழுதினார்கள். பழைய கேமராவில் அன்றைய படம் மட்டும் எப்படியோ அழிந்துபோயிருந்தது.

மேலாளர் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். என்ன இருந்தாலும் கோட்டைத் தாண்டியது தப்புதானே என்றார்.

“தப்புதான் சார்.”

காலர் அக்கா தாளை இழுத்துக் கவிழ்த்துப் போட்டாள். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினாள்: முப்பது முறை தாண்டினேன். பூட்டை எடுக்கும்வரை தாண்டுவேன்.

தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டு, தாளை அதிகாரி அம்மாளிடமே கொடுத்தாள்.

பூட்டை உடனே திறக்க உத்தரவானது. சாவி உங்களிடம்தானே என்று மேலாளரும் காவல் பொறுப்பாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமே போனார்கள்.

அதிகாரி அம்மாள் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அடிபட்டவங்க உங்களுக்குச் சொந்தமா?”

அவள் உட்காரவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினாள். அன்றைய படம் அழிந்ததில் தப்பித்தவர்கள் மேலாளரும் காவல் பொறுப்பாளரும் மட்டும் இல்லை.

“அன்னைக்கு அவளுக்குப் பின்னாடி நின்னது நான்தான் மேடம். அவ முதுகத் தள்ளினது என் கை.”