பேத்தி போட்ட தாழ்ப்பாள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மத்தியானம் என் மகன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். என் மகள் வயிற்றுப் பேத்தி முக்காலி போட்டு ஏறி வாசல் கதவைத் தாழிட்டாள்.

“ஏண்டி கண்ணு?”

“தூங்குனா கனவுல வெளிய போவாங்கல்ல தாத்தா? மாமா போயிட்டாரு. நான் தூங்குறப்பதானே என் பூனைக்குட்டிய எங்கயோ விட்டுட்டு வந்தாரு? இப்ப எப்படி உள்ள வர்றாருன்னு பாக்குறேன்.”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. “பாப்பா, தொறடி!” என் மகனின் குரலேதான். சோபாவில் குறட்டையும் நிற்கவில்லை.

“குட்டி எங்க?”

வெளியே ‘மியாவ்’ என்றது. பேத்தி கதவை ஒரு சாண் திறந்து, குட்டியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தாழிட்டாள்.

எவ்வளவு உலுக்கியும் மகன் இன்னும் கண் திறக்கவில்லை. வாசலில் கெஞ்சல் ஓயவில்லை.

எனக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் வெகுகாலமாகிறது.