நான்காம் பூச்சு

பிரஷ்ஷைக் கதவில் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழே இழுத்தார். அழுத்தாமல், மயிர் நுனி மட்டும் படும்படி.

தள்ளி நின்று பார்த்தார்.

குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கம் போய், கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

தெரியவில்லை.

இல்லை. ஒன்று தெரிந்தது.

இது நான்காம் பூச்சு. ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் பட்டி வைத்து அடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பூசினார். காய்ந்ததும் பட்டி உள்வாங்கி, பள்ளம் மேலே வந்தது. பளபளப்பான எனாமல் எதையும் மறைப்பதில்லை, எடுத்துக் காட்டுகிறது. அதை மூன்றாம் பூச்சில்தான் தெரிந்துகொண்டார்.

"ஏனுங்க, பெயிண்டர் ஆறுக்குட்டியக் கூப்ட்டா ஒரே நாள்ல முடிச்சுப்போடுவானுங்க," என்று மனைவி நேற்றே சொன்னாள்.

"முடிச்சுப்போட்டு நேரா டீக்கடைக்குத்தான் போவான்."



அறைக் கதவின் உட்பக்கம். இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, பதினோரு பிறைகள். எவர்சில்வர் சொம்பின் விளிம்பு மரத்தில் பதிந்த வடுக்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் பெரிய மகளை இந்த அறையில் விட்டுப் பூட்டியவர் அவர்தான். குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார். அவள் அந்தச் சொம்பை எடுத்தே கதவை அடித்தாள். அவர் சாவியோடு கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தட்டறதுக்குக் கையில்லையா அவளுக்கு? சொம்பெடுத்து அடிக்கறா பாரு. திமிரு," என்றார் அன்று.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தார்கள். போனவள் போனவள்தான். பெங்களூரில் இருக்கிறாள், கல்யாணம் எங்கள் சம்மதத்தோடுதான் நடந்தது என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் கேட்டுக்கொண்டது.

இன்று சின்னவள் கோகிலவாணியைப் பெண் பார்க்கப் பெருந்துறையிலிருந்து வருகிறார்கள். நான்கு மணிக்கு. ஆனி முடிய ஆறு நாள்தான். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். வருகிற பெண்கள் சின்னவளோடு இந்த அறையில் உட்காருவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

சாத்தினால் இந்தப் பக்கம்தான் கண்ணில் படும்.

சற்று முன் சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"வுடுங்கப்பா. உங்களவிட அக்கா நல்லா வேல செஞ்சிருக்கறா."

சிரிக்காமல் சொல்லிவிட்டு, தலை காயவைக்க மாடிக்குப் போனாள்.

அவர் எதிலும் குறை வைக்கவில்லை. தூசி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். ஓரத்தில் பெயிண்ட் திரளக் கூடாதென்று கைப்பிடியை இரண்டு பக்கமும் கழற்றி, திருப்புளியோடு கூடத்து மேசைமேல் வைத்தார். கதவு ஆடாமலிருக்கப் பெயிண்ட் டப்பாவை அண்டக் கொடுத்தார்.

மணி இரண்டரை. இன்னும் ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் சொன்னபடி காய்ந்தால் கையில் ஒட்டாது.

அந்த ஒன்றை மட்டும் இன்னொரு தரம் தொட்டுவிடலாம்.

குனிந்து டப்பாவை எடுத்தார்.

ஆனிக் காற்று கூடத்தின் வழியாக வந்து கதவைத் தள்ளியது.

பிடித்திருக்கலாம். கையை நீட்டவும் செய்தார்.

ஈரம்.

கையை இழுத்துக்கொண்டார்.

பூட்டின் நாக்கு விழுந்த சத்தம் மிகச் சின்னதாகக் கேட்டது.

கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. கண்ணை வைத்தால் கூடத்து மேசை தெரிந்தது. மேசைமேல் கைப்பிடி. பிரஷ் காம்பை ஓட்டையில் நுழைத்துத் திருகினார். காம்பு சுழன்றது. நாக்கு அசையவில்லை.

சமையலறையில் சட்னிக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா புள்ள," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

சத்தமாக இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. தம்பி மனைவி காதில் விழுந்தால் அடுத்த ஆனிவரை சொல்லிச் சிரிப்பாள்.

சுவரைத் தட்டினார். சுவர் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. நிலையைத் தட்டலாம். நிலையிலும் ஈரம்.

நடந்தார். நான்கு அடி அந்தப் பக்கம், நான்கு அடி இந்தப் பக்கம். இந்த அறை இவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரியாது.

மணி மூன்றுகூட ஆகவில்லை, வாசலில் கார் நின்றது. பின்னால் இன்னொன்று. கார்க் கதவுகள் திறந்து திறந்து மூடின.

பெருந்துறைக்காரர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் அந்த ஒருவர் சாகும்வரை மறக்கமாட்டார். அவரே அப்படி இரண்டு வீட்டுக்குப் போவதை நிறுத்தியவர்.

விரல் முட்டியால் கதவைத் தட்டினார். பெயிண்ட் ஒட்டிக்கொண்டு வந்தது.

மிக்ஸி நிற்கவில்லை.

உள்ளங்கையால் அடித்தார். முழங்கைவரை வலித்தது.

மிக்ஸி நிற்கவில்லை.

கனமான கதவு. அவரே மரம் பார்த்து, கூட இருந்து செய்வித்தது. கையால் அடித்தால் சமையலறைவரை கேட்காது.

அது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

வாசலில் செருப்புகள் கழன்றன. ஒரு பெரிய மனிதர் தொண்டையைச் செருமினார். பதிலுக்கு யாரும் செருமவில்லை.

ஜன்னல் விளிம்பில், மனைவி வைத்துவிட்டுப் போன தண்ணீர் இருந்தது. எவர்சில்வர் சொம்பில்.

தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார்.

எங்கே அடிப்பது என்று அவர் யோசிக்கவில்லை. கை தானாகவே உயர்ந்து நின்றது.

இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே.