புதுக் கோடு

வெயிலில் அளவு நாடா சாலையோரமாகப் பளபளத்துக் கிடக்கிறது. நாற்சந்தியின் நிறுத்தக் கோட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் பெட்ரோல் பங்க் கூடாது என்பது விதி. நூறு முடிகிற இடத்தில், மனு போட்ட கான்ட்ராக்டர் தன் காலி மனையின் வாசலைக் காட்டுகிறார். "பாருங்க மேடம், அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி!" நகரமைப்பு அதிகாரிக்கு அந்தக் கச்சிதம்தான் உறுத்துகிறது. கோட்டுக்கே திரும்பி வந்து குனிகிறார். பக்கத்து அம்புக்குறி தேய்ந்து பாதியாகிவிட்டது. கோடு மட்டும் பால் போல வெளுத்திருக்கிறது. நிற்கிற வண்டிகள் நாளெல்லாம் சொட்டிய எண்ணெய்க் கறையோ அதற்குப் பத்தடி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. "இந்தக் கோடு எப்ப போட்டாங்க?" கான்ட்ராக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். "எப்பவும் இங்கதான் மேடம் இருக்கு." சிக்னலில் சிவப்பு விழுகிறது. பஸ், வேன், ஆட்டோ எல்லாம் கறையின் மேலேயே நிற்க, கோடு வரைக்கும் சாலை வெறிச்சென்று கிடக்கிறது. "கண்ணு தெரியாத ஜனங்க, மேடம்." அந்த வரிசையின் முன்னால் கான்ட்ராக்டரின் மச்சினனும் ஸ்கூட்டரில், குளிர்பானப் பையோடு, ஒரு காலை ஊன்றி நிற்கிறான். கான்ட்ராக்டர் கோட்டின் மேல் ஏறி நின்று கையை வீசுகிறார். "முன்னால வாடா, இங்க வா!" மச்சினன் விளக்கைக் காட்டிச் சிரிக்கிறான். "சிவப்பு மாமா! கோட்டைத் தாண்டினா பிடிச்சிடுவாங்க!"