கழுத்துக்கு மேலே வேண்டாம்

"இந்தப் பொம்பளை தலை மட்டும் எங்கயும் தெரியக்கூடாதுண்ணே."

பென் டிரைவை மேசைமேல் வைத்த இளைஞன் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஸ்டுடியோ வைத்திருக்கும் சில்வஸ்டர் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். பக்கத்தில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கெஸியாவின் கை அப்படியே நின்றது. காது நிற்கவில்லை.

"தலைன்னா?"

"மூஞ்சிண்ணே. கை, காலு வந்தாப் பரவால்ல, மூஞ்சிதான் ஆகாது. அப்புறம், டிஸ்க்காத்தான் வேணும். பழைய டிவிடி பிளேயர்ல ஓடணும். பென் டிரைவ் சொருக அதுல ஓட்டையே கிடையாது."

விமல் என்று பேரைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

சில்வஸ்டர் வீடியோக்களைத் திறந்தார். எல்லாம் செல்போனில் எடுத்த வீட்டுப் படங்கள். ஒரு கைக்குழந்தை தவழ்ந்தது, சோற்றைத் துப்பியது, குல்லாவைப் பிடுங்கி எறிந்தது. எல்லாவற்றிலும் அந்தப் பெண் இருந்தாள். பார்த்தால் நமக்கும் சிரிப்பு வருகிற மாதிரி சிரிக்கிற முகம்.

அந்த முகத்தைக் கழுத்தோடு நறுக்கிக்கொண்டே வந்தார் சில்வஸ்டர். நறுக்க வராத இடங்களை மொத்தமாகத் தூக்கித் தனியே போட்டார். மிஞ்சியதைப் பழைய பிளேயர் படிக்கிற மாதிரி மாற்றி ஓட்டிப் பார்த்தபோது, தலையில்லாத ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏசப்பா!" என்றாள் கெஸியா. "ஏங்க, இவன் பொண்டாட்டியை என்னமோ பண்ணிட்டான்."

"டைவர்ஸா இருக்கும், புள்ள. உனக்கெதுக்கு?"

"டைவர்ஸ்னா போட்டோவைக் கிழிச்சுப் போடுவான், செலவு பண்ணித் தலையை எடுப்பானா? ரெண்டாந்தாரத்துக்கு அலையறான். பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட, புள்ளை இருக்குது ஆத்தா இல்லைன்னு காட்டப்போறான். எழுதி வெச்சுக்குங்க."

"அதுக்கு டிஸ்க் எதுக்கு?"

தனக்குப் பதில் தெரியாத கேள்விகளைக் கெஸியா மதிப்பதில்லை. மறுநாள் காலையில் கீழே பேக்கரிக்கு வர்க்கி வாங்கப் போனவள், வர்க்கியை வாங்கிக்கொண்டு விஷயத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அது திரும்பி ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தபோது, பர்லியார் மலைப்பாதைப் பள்ளத்தில் ஒரு பிணமாக வளர்ந்திருந்தது.

விமல் டிஸ்க் வாங்க வந்தான். கெஸியா கவரை நீட்டினாள், ஆனால் விடவில்லை.

"தம்பி, இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"வெளிய நிக்குதுக்கா."

எட்டிப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையோடு, நன்றாகத்தான் நின்றிருந்தாள். கெஸியாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பேச்சுக் காதில் விழுந்து அந்தப் பெண்ணே உள்ளே வந்தாள்.

"என் பேரு மோனிகாங்கக்கா. மூஞ்சியை வெட்டச் சொன்னதே நான்தானுங்க. இவரு கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுல, தேயிலை பறிக்கறவங்களுக்குப் பொறந்தவரு. இவரைக் கட்டிக்கிட்டேன்னு, 'இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்'னு எங்கப்பா கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாருங்க. நான் தெரிஞ்சா டிவியையே அணைச்சுருவாரு. பேரனையாவது பாக்கட்டும்."

"பார்ப்பாரா?"

"தெரியலீங்கக்கா. அம்மாகிட்டக் குடுத்தனுப்பறோம். அங்க இருக்கறது அந்த ஒரு பழைய பிளேயர்தான்."

கெஸியா கவரை விட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் பேக்கரிப் பக்கமே போகவில்லை. உடம்பு ஏதும் சரியில்லையா என்று பேக்கரிக்காரர் ஆளனுப்பி விசாரித்தார்.

அடுத்த வாரம் மங்கி கேப் போட்ட ஒரு பெரியவர் ஸ்டுடியோ படியேறினார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து அதே டிஸ்க் கவரை உருவி மேசையில் போட்டார். அதன்மேல் அச்சடித்திருந்த ஸ்டுடியோ பேரை விரலால் தட்டினார்.

"அருவங்காடு குப்புசாமிங்க நானு. மோனிகாவோட அப்பன். இதை வெட்டினது யாரு?"

"நான்தானுங்க" என்றார் சில்வஸ்டர்.

"மூஞ்சி இல்லீன்னா, சோறு ஊட்டற கை யாருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

கெஸியா முந்திக்கொண்டாள். "ஏனுங்க, மூஞ்சி ஒரு எடத்துலகூட வரலீங்க. உங்க சத்தியத்துக்கு ஒரு கொறையும் வராது. கோவத்துல டிஸ்க்கை ஒடைச்சுப் போட்டுராதீங்க, புள்ளை பாவமுங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"வெட்டுனதெல்லாம் எங்க?"

அதையும் ஒழித்துக்கட்டத்தான் மனுஷன் வந்திருக்கிறார்! கெஸியா மேசைக்கடியில் கணவரின் காலை மிதித்தாள். வெட்டியது அத்தனையும் எதிரே கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்க, சில்வஸ்டர் கூசாமல் சொன்னார்.

"அப்பவே அழிச்சாச்சுங்க."

"எல்லாமேவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

குப்புசாமி போட்டோ எடுக்கிற ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏறி வந்தபோது இருந்த குரல் இப்போது இல்லை.

"எம்பொண்ணு மூஞ்சி ஒரு துண்டுலயாவது மிச்சம் இருக்கும், தேடிப் பாருங்க."